முதல் ஸ்டூடியோ விளக்கு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் சிறிய புகைப்பட வகுப்புக்குப் பலவகைப்பட்டவர்கள் வருகிறார்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து இணையத்தில் விற்பவர்கள், சேலை வியாபாரத்துக்குப் படம் தேவைப்படுபவர்கள், திருமணப் படப்பிடிப்பில் உதவியாளராக இருந்து தனித்தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள், மகளின் பரதநாட்டியப் படங்களைத் தாமே எடுக்க விரும்பும் தந்தையர் என்று ஒவ்வொருவரின் தேவையும் வேறு. ஆயினும் விளக்கு வாங்கும் கட்டத்தில் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம்.

முதலில் எத்தனை விளக்குகள் வாங்க வேண்டும்?

ஒன்று. அதனுடன் ஒரு வெள்ளை அட்டையும் போதும். ஒரே விளக்கை முகத்துக்கு 45 பாகை பக்கவாட்டிலும் கண்மட்டத்துக்குச் சற்று மேலும் வைத்து, எதிர்ப்பக்கத்தில் வெள்ளை அட்டையை நிறுத்தினால், அட்டையை அருகே கொண்டுவரும்போது நிழல் மெலிவதையும் விலக்கும்போது அடர்வதையும் கண்ணாலேயே காணலாம். ஒரே நாளில் மூன்று விளக்குகளை வாங்கியவர்கள் மூன்றையும் முன்பக்கமே வைத்து, மூக்குக்கு மூன்று நிழல் விழுந்த படங்களுடன் வகுப்புக்கு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்த நிழல் எந்த விளக்கிலிருந்து வந்தது என்று அவர்களால் சொல்ல முடிவதில்லை.

இணையக் கடைகளில் பல்புடன் சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) இரண்டு, ஸ்டாண்ட் இரண்டு, பின்னணித் துணி என்று முழுத் தொகுப்பே மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா?

அசையாத சிறு பொருள்களை மட்டும் எடுப்பவர்களுக்கு அது ஓரளவு உதவும். ஒரு தட்டு முறுக்கை மேசையில் வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை அரை நொடி திறந்து வைத்தால் ஒளி குறைவாக இருந்தாலும் குறையில்லை. ஆட்களை எடுக்க அது போதாது. பல்பின் உறையில் பெரிய வாட் எண் அச்சிடப்பட்டிருந்தாலும், பல நேரங்களில் அது பழைய குண்டு பல்புக்கு இணையான கணக்கே தவிர உண்மையில் அந்தப் பல்பு எடுக்கும் மின்சாரத்தின் அளவு அன்று. மலிவான பல்புகளின் நிறத்தில் பச்சைச் சாயலும் கலந்திருக்கும். அது தோலின் மேல் விழுந்தால் கணினியில் திருத்துவதற்கே அரைநாள் போய்விடும்.

எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது, அத்தொகுப்பில் எந்தப் பகுதியையும் பிறகு வேறு விளக்குக்குப் பயன்படுத்த முடியாது என்பதே. பல்பு மாட்டும் துளையுள்ள அந்த சாஃப்ட்பாக்ஸ் அந்தப் பல்புக்கு மட்டுமே உரியது.

தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கா, ஃபிளாஷா?

காணொளியும் எடுப்பீர்கள் என்றால் எல்இடி. நிலைப்படம் மட்டும் என்றால், அதிலும் மனிதர்களை எடுப்பதென்றால், ஃபிளாஷ். காரணத்தை ஒரு சிறு கணக்கில் காட்டலாம்.

60 வாட் எல்இடி விளக்கு ஒவ்வொரு நொடியும் 60 ஜூல் மின்னாற்றலைச் செலவிடுகிறது. நீங்கள் 1/125 நொடியில் படம் எடுத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அது செலவிடுவது 0.48 ஜூல் மட்டுமே. 60 வாட்-நொடி ஆற்றலுள்ள ஒரு சிறிய ஃபிளாஷ், தன் மின்தேக்கியில் சேர்த்துவைத்த 60 ஜூலையும் அதே இடைவெளிக்குள் முழுமையாகக் கொட்டிவிடுகிறது. இரண்டின் ஒளிர்திறனும் ஒன்றே என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும் வேறுபாடு 125 மடங்கு. கேமரா மொழியில் சொன்னால் ஏறத்தாழ 7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது). அந்த இடைவெளியை எல்இடியால் நிரப்ப வேண்டுமானால் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100-இலிருந்து 12,800-க்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் எல்இடியில் ஒளி எங்கே விழுகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிவதால், கற்பவர்களுக்கு அது நல்ல ஆசிரியர். வாங்குவதானால் நிறத் துல்லியத்தைக் குறிக்கும் சிஆர்ஐ மதிப்பு 95-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். அதன் உச்ச அளவு 100. மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தரங்குறைந்த எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை உயர்த்தும்போது படத்தில் குறுக்குக் கோடுகள் தோன்றினால் 1/100 அல்லது 1/50 நொடிக்கு இறக்கிப் பாருங்கள்.

ஃபிளாஷ் என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்பீட்லைட்டா (கேமராவின் மேல் மாட்டும் சிறு ஃபிளாஷ்), சுவர் மின்சாரத்தில் ஓடும் ஸ்ட்ரோபா (ஸ்டாண்டில் நிற்கும் பெரிய ஃபிளாஷ்), பேட்டரி ஸ்ட்ரோபா?

எங்கே எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே அறையில், ஒரே இடத்தில் படம் எடுப்பவர்களுக்குச் சுவர் மின்சாரத்தில் இயங்கும் ஸ்ட்ரோப்தான் கொடுக்கும் பணத்துக்கு அதிக ஒளி தரும். கோடாக்ஸ் எஸ்கே400 போன்ற 400 வாட்-நொடி விளக்கு, ஓர் ஆளையோ சிறு குடும்பத்தையோ எடுக்கும் அறைக்குத் தேவைக்கு மேலானது. முழு ஆற்றலில் நீங்கள் அதை இயக்கும் நாள்கள் அரிதாகவே இருக்கும். அதில் உள்ள மாடலிங் விளக்கு, நிழல் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும்.

கோயில் மண்டபம், வாடிக்கையாளர் வீடு, பூங்கா என்று அலைபவர்களுக்கு கோடாக்ஸ் ஏடி200 போன்ற 200 வாட்-நொடி பேட்டரி விளக்கு பொருந்தும். விலை கூடுதல்தான். ஆனால் கல்யாண மண்டபத்தில் பிளக் தேடி அலையும் வேலையும், விருந்தினர் கால் இடறும் வயரும் மிச்சம். விமானத்தில் கொண்டுசெல்வோர் மாற்றுப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஏடி200 பேட்டரி 41.76 வாட்-மணி என்பதால், பொதுவாக முன் அனுமதியின்றி ஏற்கப்படும் 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்குகிறது.

ஸ்பீட்லைட் மூன்றிலும் மலிவானது, எடை குறைந்தது. நாட்டியத்தில் தாவும் அடவுகளை உறையவைப்பதற்கு அது பெரிய ஸ்ட்ரோபைவிடவும் சிறந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்பீட்லைட்டின் ஆற்றலைக் குறைக்கும்போது அதன் ஒளிவெட்டு பாதியில் துண்டிக்கப்படுவதால், வெளிச்சம் நீடிக்கும் நேரம் நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சலங்கை கட்டிய கால் தெளிவாக நிற்கிறது. மலிவான சுவர் மின்சார ஸ்ட்ரோப்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறாக, ஆற்றலைக் குறைத்தால் வெளிச்சம் நீடிக்கும் நேரம் கூடிவிடும்.

ஸ்பீட்லைட் பெட்டியில் வழிகாட்டி எண் 60 என்று போட்டிருக்கிறது. அது எதைக் குறிக்கிறது?

தூரத்தை மீட்டரில் எடுத்து, லென்ஸ் துளையின் அளவைக் குறிக்கும் அபெர்ச்சர் எண்ணால் பெருக்கினால் வருவது வழிகாட்டி எண். ஐஎஸ்ஓ 100-இல் எண் 60 என்றால், 7.5 மீட்டர் தூரத்தில் எஃப் 8 வைக்கலாம் என்று பொருள். ஆனால் கோடாக்ஸ் டிடி600 போன்றவற்றில் அந்த எண், ஃபிளாஷ் தலையை 200 மில்லிமீட்டர் ஜூமுக்கு ஒடுக்கி, ஒளியை ஒற்றைக் கற்றையாக்கி அளந்தது. ஸ்டூடியோக் குடைக்குள் ஒளியைப் பரப்பும்போது அந்த எண்ணை மறந்துவிடலாம்.

குடையா, சாஃப்ட்பாக்ஸா? என்ன அளவு?

விளக்கைப் பற்றி எவ்வளவோ விசாரிப்பவர்கள், படத்தின் தன்மையை உண்மையில் தீர்மானிக்கும் இந்தப் பொருளைக் கடைசி நிமிடத்தில் கையில் மிஞ்சிய சில்லறைக்கு வாங்குகிறார்கள். நிழலின் விளிம்பு மென்மையாக இருக்குமா, கத்தி போல வெட்டுமா என்பது விளக்கின் வாட்டில் இல்லை. முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளிரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில் இருக்கிறது. நண்பகல் சூரியன் மாபெரும் விளக்கு. ஆனால் நம் கண்ணுக்கு ஒரு சிறு வட்டமாகத் தெரிவதால் அதன் நிழல் கடுமையானது. அதே சூரியனை மேகம் மறைத்தால் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது.

ஆகவே பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். ஆளுக்கு அருகிலும் இருக்க வேண்டும். தலை முதல் மார்பு வரையான படத்துக்கு 90 முதல் 120 சென்டிமீட்டர் வரை குறுக்களவுள்ள எண்கோண சாஃப்ட்பாக்ஸ் போதும். தன் குறுக்களவுக்கு ஏறத்தாழ இணையான தூரத்தில் அதை வைத்துத் தொடங்குங்கள். அதே 120 சென்டிமீட்டர் பெட்டியை 4 மீட்டர் தள்ளி வைத்தால் அது சிறு விளக்குதான். பெரிதாக வாங்கிய பணம் வீண்.

குடை மலிவானது, விரிப்பது எளிது, ஆனால் ஒளியை எல்லாப் பக்கமும் தெளிக்கும். வெள்ளைச் சுவருள்ள சிறு அறையில் அந்தத் தெளிப்பு சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழலைக் கரைத்துவிடுகிறது. சாஃப்ட்பாக்ஸ் அந்த ஒளியை அடக்கி ஒரு திசையில் அனுப்புகிறது. என்னைக் கேட்டால், சிறு அறைக்கு சாஃப்ட்பாக்ஸ், குழுப் படத்துக்குக் குடை. ஒளி பக்கவாட்டில் சிதறாதபடி முன்பக்கத்தில் மாட்டும் துணிக் கட்டமும் சேர்ந்து வந்தால் இரண்டு காசு கூடக் கொடுத்தாவது வாங்குங்கள்.

எங்கள் அடுக்குமாடி வீட்டு அறை 10 அடிக்கு 10 அடிதான். அதில் முடியுமா?

அரையளவுப் படங்களும் பொருள் படங்களும் தாராளமாக முடியும். முழு உருவப் படம் கடினம். வரிசை வீட்டில் வசிப்பவர்கள் சோபாவை நகர்த்திவிட்டு முன்கூடத்தைப் பயன்படுத்தலாம்.

சிறு அறையில் மூன்று தொல்லைகள் உண்டு. முதலாவது பின்னணி. விளக்கின் தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். முகம் விளக்கிலிருந்து 1 மீட்டரிலும் சுவர் 2 மீட்டரிலும் இருந்தால் சுவரில் விழும் ஒளி 2 ஸ்டாப் குறைவு. சுவர் 4 மீட்டரில் இருந்தால் 4 ஸ்டாப் குறைவு. ஆக, வெள்ளைச் சுவரைச் சாம்பலாகவோ கறுப்பாகவோ காட்ட வேறு பின்னணி வாங்கத் தேவையில்லை. விளக்கை ஆளுக்கு அருகிலும் ஆளைச் சுவரிலிருந்து தள்ளியும் வைத்தாலே போதும். ஆனால் 10 அடி அறையில் அந்தத் தள்ளலுக்கு இடம் குறைவு என்பதால், மூலைவிட்டமாக நின்று எடுத்துப் பாருங்கள். இரண்டாவது, சுவர் நிறம். இளம்பச்சை, மஞ்சள் பூசிய அறைகளில் அந்த நிறம் முகத்தில் ஏறும்.

மூன்றாவது கூரை விசிறி. நம் ஊர் வீடுகளில் அது இல்லாத அறை இல்லை. ஸ்டாண்டை உயர்த்தும் அவசரத்தில் அது சுழல்வதை மறந்துவிடுகிறோம். படப்பிடிப்பு தொடங்கும் முன் விசிறியின் சுவிட்சில் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் வேர்க்கிறது என்று யாராவது தட்டிவிடுவார்கள்.

கருநிறத் தோலுக்கு அதிக ஆற்றலுள்ள விளக்கு வேண்டுமா?

வேண்டாம். இந்தத் தவறான எண்ணத்தால்தான் நம்மவர் படங்கள் பல, நெற்றியும் மூக்கும் வெள்ளையாக எரிந்து, கன்னம் மட்டும் இருண்டு கிடக்கின்றன.

தோலிலிருந்து ஒளி இரு வழிகளில் திரும்புகிறது. ஒன்று, தோலுக்குள் சென்று நிறம் பெற்றுச் சிதறி வருவது. கருநிறத்தில் இது குறைவு. மற்றொன்று, தோலின் மேற்பரப்பில் கண்ணாடி போலப் பட்டுத் திரும்பும் மினுக்கு. இது எந்த நிறத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. முதலாவது குறைவாக இருப்பதால் கருநிறத் தோலில் இரண்டாவது துலங்கித் தெரிகிறது. ஆற்றலைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். சிறு விளக்காக இருந்தால் அந்த மினுக்கு ஒரு புள்ளியில் குவிந்து எரியும். பெரிய பரப்புள்ள விளக்கை அருகே, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அதே மினுக்கு கன்னத்தின் வளைவு நெடுக மெல்லிய பளபளப்பாகப் பரவி, முகத்துக்கு வடிவம் தருகிறது. நல்ல வெண்கலச் சிலையில் நாம் காண்பது இதுவே. எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை, தலைக்குப் பின்னால் இருண்ட பின்னணியாக இருந்தால் முடியின் விளிம்பு பிரியும்படி ஒரு சிறு ஒளி, நெற்றி வியர்வையை ஒற்ற ஒரு மெல்லிய தாள் என்று இவ்வளவுதான் தேவை.

கேமராவின் தானியங்கி அளவையை இங்கே நம்ப வேண்டாம். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகக் காட்டவே முயலும்; சட்டம் முழுவதும் கருநிற முகம் என்றால் வெளுக்கவும், வெள்ளை வேட்டி நிறைந்திருந்தால் முகத்தை இருட்டடிக்கவும் செய்யும். ஃபிலிம் காலத்தில் அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த 'ஷர்லி அட்டை'யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். நம் பழைய குடும்பப் படங்களில் பாட்டிமார் முகம் அடையாளமின்றி இருண்டிருப்பதற்கு அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

பட்டுச்சேலைச் சரிகையும் நகையும் பளிச்சென்று எரிந்துவிடுகின்றனவே?

தங்கம் தனக்கென்று ஒளி காட்டுவதில்லை. எதிரே இருப்பதையே காட்டுகிறது. எதிரே இருப்பது சிறு விளக்காக இருந்தால் வெள்ளைப் புள்ளி, பெரிய வெள்ளைத் துணியாக இருந்தால் பொன்னிறப் பரப்பு. இங்கும் தீர்வு சாஃப்ட்பாக்ஸின் அளவுதான். ஊறுகாய்ப் போத்தல் எடுப்பவர்களுக்கும் இதே விதி: விளக்கைப் போத்தலின் பக்கவாட்டில் நீளவாக்கில் நிறுத்தினால் கண்ணாடியின் ஓரத்தில் ஒரே நேர்க்கோடாக விழும். முறுக்குக்கோ, பின்பக்கச் சாய்விலிருந்து வரும் ஒளிதான் மொறுமொறுப்பைக் காட்டும்.

டிரிக்கர் (கேமராவிலிருந்து ஃபிளாஷைக் கம்பியின்றி இயக்கும் கருவி) வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விளக்கும் டிரிக்கரும் ஒரே நிறுவனத்தின் ஒரே வானலைத் தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். பிறகு வாங்கும் விளக்குகளும் அதிலேயே இணையும். கேனான், நிக்கோன், சோனி, ஃபூஜி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகை உண்டு என்பதால் கடைக்காரரிடம் உங்கள் கேமராவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தொடக்கநிலைக் கேனான் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றின் மேலே ஃபிளாஷ் மாட்டும் மேடையில், ஃபிளாஷை இயக்கும் நடு ஊசித் தொடர்பு கிடையாது. எல்லாக் கேமராவுக்கும் பொது என்று விற்கப்படும் மலிவு டிரிக்கர்கள் அவற்றில் வேலை செய்யா; கேனானுக்கென்றே செய்யப்பட்ட, இந்தக் கேமராக்களைக் குறிப்பிட்டு ஆதரிக்கும் டிரிக்கர்தான் வேண்டும். கேனான் ஆர்50-இன் மேடை புதுவகை என்பதால் வழக்கமான டிரிக்கரை மாட்ட ஏடி-இ1 என்ற இணைப்பி தேவை.

ஃபிளாஷ் போட்டு எடுத்தால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாக வருகிறது. விளக்குப் பழுதா?

இல்லை. ஷட்டர் வேகம், ஷட்டரும் ஃபிளாஷும் ஒத்துப்போகும் கேமராவின் ஒத்திசைவு எல்லையைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 நொடி. 1/125-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

போவன்ஸ் மவுண்ட் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

போவன்ஸ் 1923-இல் தொடங்கிய பிரிட்டிஷ் நிறுவனம். 2017-இல் மூடப்பட்டது. ஆனால் விளக்கின் முகப்பில் சாஃப்ட்பாக்ஸை மாட்ட அது வகுத்த மூன்று பல் பூட்டை மற்ற நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால் பெயர் நிலைத்துவிட்டது. விளக்கு எதுவானாலும் இந்தப் பூட்டு இருந்தால், பின்னாளில் விளக்கை மாற்றினாலும் சாஃப்ட்பாக்ஸை மாற்ற வேண்டியதில்லை. ஸ்பீட்லைட்டுக்கும் இதற்கான பிடி தனியாகக் கிடைக்கிறது.

ஸ்டாண்ட் எதுவாக இருந்தாலும் சரிதானே?

நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்தில், தொகுப்போடு இலவசமாக வந்த ஸ்டாண்டில் குடையை விரித்து வைத்திருந்தபோது, யாரோ வாசற்கதவைத் திறந்தார்கள். காற்று குடையைப் பாய்மரமாக்கியது. மணமகளின் பெரியம்மாவுக்கு ஒரு சாண் தள்ளி விளக்கு விழுந்தது. ஃபிளாஷ் குழாய் உடைந்ததைவிட, அடுத்த ஒரு மணி நேரமும் அவர் என்னைப் பார்த்த பார்வைதான் நினைவில் நிற்கிறது.

கால்கள் அகலமாக விரியும், தடித்த குழாயுள்ள ஸ்டாண்டாக வாங்குங்கள். மணல் மூட்டை வாங்கும் வரை 5 கிலோ அரிசிப் பையைத் துணிப்பையில் போட்டு, விளக்கு சாயும் பக்கத்துக் காலின்மேல் வைக்கலாம்.

எங்கே வாங்குவது? பழையது வாங்கலாமா?

புக்கிட் பிந்தாங், புடு வட்டாரக் கேமராக் கடைகளில் விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம். உத்தரவாதமும் உள்ளூரிலேயே இருக்கும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதால், விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேற்று நாட்டுப் பிளக்குடன் வந்தால் மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரையுள்ள மூன்று ஊசிப் பிளக்கை மாட்டச் செய்யுங்கள். ஜாலான் பாசார் மின்பொருள் கடைகளில் இவை கிடைக்கும்.

பழையதை வாங்கும்போது ஒரே ஆற்றலில் 10 படங்களைத் தொடர்ந்து எடுத்து, ஒளியும் நிறமும் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபிளாஷ் குழாயில் கருமை படர்ந்திருந்தால் அதன் ஆயுள் பெரும்பாலும் முடிந்தது. ஃபிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷ்களைக் கேமராவின் மேல் நேரடியாக மாட்டாதீர்கள். சிலவற்றின் தூண்டல் மின்னழுத்தம் 200 வோல்ட்டையும் தாண்டுவதால் கேமராவின் மின்சுற்று கெடலாம்.

நம் நாட்டு வானிலைக்கு ஏற்பப் பராமரிப்பது எப்படி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி அன்றாடச் செய்தி. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பயன்படுத்தாத ஸ்ட்ரோபையும் சில வாரங்களுக்கு ஒருமுறை இயக்கிச் சிலமுறை ஒளிரச் செய்தால் மின்தேக்கி கெடாது. பழுதென்றால் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். சாஃப்ட்பாக்ஸ் துணியை ஈரத்தோடு மடித்தால் ஒரே மாதத்தில் பூஞ்சைப் புள்ளி விழும்.

ஒளிமானி தேவையா?

இப்போது வேண்டாம். கேமராவில் ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும், எரிந்த இடங்களைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையும் போதும்.

1,000 ரிங்கிட்தான் இருக்கிறது. எப்படிப் பங்கிடுவது?

பாதியை விளக்குக்கு ஒதுக்குங்கள். மறுபாதியில் சாஃப்ட்பாக்ஸ், டிரிக்கர், நல்ல ஸ்டாண்ட் என்ற வரிசையில் செலவிடுங்கள். பணம் போதவில்லையென்றால் விளக்கைச் சிறிதாக்குங்கள், சாஃப்ட்பாக்ஸைச் சிறிதாக்காதீர்கள். 200 வாட்-நொடிக்குப் பதில் ஒரு ஸ்பீட்லைட் இருந்தால் ஐஎஸ்ஓவை ஓரிரு படி ஏற்றிச் சமாளிக்கலாம். 40 சென்டிமீட்டர் பெட்டியை எந்தப் பொத்தானை அழுத்தியும் 120 ஆக்க முடியாது. பின்னணித் தாள், ஒளித்தடுப்பு, கைப்பை எல்லாம் பிறகு. வெள்ளை அட்டை எழுதுபொருள் கடையிலேயே சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது விளக்கை எப்போது வாங்குவது?

வெள்ளை அட்டையால் முடியாத ஒன்றைச் செய்ய வேண்டிய நாளில். பெரும்பாலும் அது கருங்கூந்தல் கறுப்புப் பின்னணியில் கரைந்துபோகும் படமாகவோ, சேலை விற்பவர் பின்னணி தூய வெள்ளையாக வேண்டும் என்று கேட்கும் படமாகவோ இருக்கும். அந்த வேலைக்கு முதல் விளக்கைவிடச் சிறியதே போதும் என்பதால், அதே டிரிக்கருக்கு இணங்கும் ஒரு ஸ்பீட்லைட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.